மணிவரிசை – 14: யார் வீட்டு எச்சில்?

கஸ்தூரிரங்கன் நோயாளியாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. நோய்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய வசந்தம் பிளாட்ஸ், முதல் மாடி. ஹாலில் சாய்வு நாற்காலி, கால் வைக்க முக்காலி, மடியில் பேப்பர். இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு மெடிக்கல் லீவு. வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுக்கக்கூட மனிதர் குனிவதில்லை. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை. இதய நோய்க்காரர் என்று சொன்னதிலிருந்து ஒரு சுற்று பெருத்துவிட்டார் என்று இஸ்திரி போடுகிற அந்தோணிசாமி சொல்கிறான். வேட்டியை மடிக்கிறவனுக்குத்தானே தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிவப்பு மணி. அதை மறந்தவர்களுக்காக ஒரு நிமிஷம்.

கஸ்தூரிரங்கனின் மகள் ஸ்ம்ருதி மரபணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தக் கூடம் வெளியிட்ட செல்போன் விளையாட்டுதான் மணிவரிசை. திரையில் நான்கு நிற மணிகள் கோத்த வரிசைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். ஒவ்வொரு வரிசையும் யாரோ ஒரு மனிதரின் மரபணுவில் ஒரு துண்டு. அவற்றை நகர்த்தி, நிறத்துக்கு நிறம் நேராகப் பொருத்த வேண்டும். கம்ப்யூட்டர் முக்கால்வாசியைப் பொருத்திவிடும். மிச்சத்துக்கு மனிதக் கண்தான் வேண்டுமாம். எல்லோருக்கும் பச்சை இருக்கிற இடத்தில் ஒருவருக்கு மட்டும் சிவப்பு இருந்தால் அதைத் தட்ட வேண்டும். நிறையப் பேர் அதே மணியைத் தட்டினால் கூடத்தில் உட்கார்ந்து ஆராய்வார்கள்.

மகள் என்னதான் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவள் அம்மா சுந்தரவல்லி மாமி இதை விளையாட ஆரம்பித்தார். அப்புறம் மகளை மறந்தார், அடுப்பை மறந்தார். சாத்தமுது, அதாவது நம் ரசம், பொங்கி வழிகிற வாசனை வந்தால் மாமி அடுத்த லெவலுக்குப் போய்விட்டார் என்று பிளாக்கில் அர்த்தம்.

மாமிக்குப் போட்டி, நேர் மேல் வீட்டு ஷரீஃபா. அவள் விளையாடியதற்குக் காரணம் வேறு. அனகாபுத்தூரில் இருந்த அவளுடைய தம்பி, ஒரு தீபாவளி மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவன், வாசலில் யாரோ வெடித்த அணுகுண்டுச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டான். பயந்துட்டான் என்றார்கள். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை வெடிக்குப் பயந்தா செத்துப்போவான் என்று ஷரீஃபா அன்றைக்குக் கேட்டாள். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சாவுகளுக்கும் விடை தேடுகிற விளையாட்டு என்று ஸ்ம்ருதி சொன்னதும் போனைப் பிடித்தவள், கீழே வைக்கவில்லை.

விளையாட்டு சரி. ஆனால் மணிகள் வருவது எங்கிருந்து? எச்சிலிலிருந்து. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் விருப்பப்பட்டால் ஒரு பிளாஸ்டிக் டியூபில் துப்பி அனுப்பலாம். ஷரீஃபாவின் கணவர் முஸ்தபா, கேம்ப் ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சம்மதிக்கவில்லை. விளையாடிக்கோ, நம்ம வூட்டு சமாச்சாரம் வெளிய போக வேணாம் என்றுவிட்டார். கீழ் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு டியூப் போயின. மாமியுடையது ஒன்று, கஸ்தூரிரங்கனுடையது ஒன்று.

இரண்டாவது டியூபில்தான் சிவப்பு மணி இருந்தது. பெயரில்லாமல் வெறும் எண்ணோடு திரையில் வந்த அந்த வரிசையில், அதை முதலில் தட்டியவள் ஷரீஃபா. தங்க நட்சத்திரம் கிடைத்த சந்தோஷத்தில் பிளாக் முழுக்கச் சேமியா பாயசம் கொடுத்தாள். நமக்கும் ஒரு டம்ளர் வந்தது. முந்திரி கொஞ்சம் கம்மி.

அந்த மணி உள்ளவர்களின் இதயம் ஒரு துடிப்புக்குப் பிறகு அடுத்ததற்குத் தயாராகக் கொஞ்சம் சுணங்கும். சாதாரணமாக ஒன்றும் தெரியாது. ஆனால் தூக்கத்தில் திடீரென்று பெரிய சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். சில மாத்திரைகளும் ஆகாது. அவை அந்தச் சுணக்கத்தை இன்னும் இழுத்துவிடும்.

அன்றிலிருந்து முதல் மாடி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆயிற்று. காலிங் பெல்லின் ஒயரை மாமி பிடுங்கிவிட்டார். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அணைப்பார். மிக்ஸி மொட்டை மாடிக்குப் போயிற்று. கீரைக்காரம்மா நம் தெருவில் மட்டும் கீரை என்று ரகசியமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

நிறுத்த முடியாத சத்தம் ஒன்றே ஒன்று. மேல் வீட்டு அய்மானின் அலாரம். ஷரீஃபாவின் ஒரே பையன் அவன். ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் ராத்திரி ஷிஃப்ட். பகலில் பிணம் போலத் தூங்குவான். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் போனிலிருந்து ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒன்று அலறும். தொப்பென்று ஒரு கை விழும். யா அல்லாஹ் என்று ஒரு முனகல். சைரன் நிற்கும். நம் பிளாக்கில் யாரும் கடிகாரம் பார்த்துக் காபிக்குப் பால் வைத்ததில்லை.

கஸ்தூரிரங்கன் மட்டும் மூன்று வாரமாக மூன்றே முக்காலுக்கெல்லாம் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டுவிடுகிறார்.

இதெல்லாம் தெரிந்த கதை. போன வாரம் விட்ட இடம், மகன் கிரீஷின் பேட்மின்டன் மட்டையை மாமி அரிசி டிரம்முக்குள் புதைத்தது. கணவருக்குத்தானே நோய், மகனின் மட்டை என்ன பாவம் செய்தது என்று நாம் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அதற்கு விடை இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடைத்தது.

மூன்று மணி சுமாருக்கு ஸ்ம்ருதி வந்தாள். கையில் புது டியூப். கஸ்தூரிரங்கனுக்கு எடுத்த இசிஜி பளிங்கு மாதிரி இருக்கிறதாம், டாக்டருக்கே குழப்பமாம். மறுபடியும் ஒரு தடவை எச்சில் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும், அப்புறம்தான் பிள்ளைகளுக்குச் சோதனை.

கஸ்தூரிரங்கன் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். புனல் மாதிரி இருந்த வாயை மோந்து பார்த்தார்.

"இதுல துப்பணுமா? நானேவா?"

"போன தடவை மாதிரிதான்பா. கோடு வரைக்கும் வரணும். நுரை கணக்கில்லை."

"போன தடவை நான் எங்கம்மா துப்பினேன்?"

சமையலறையில் குழாய் நின்றது.

பெருமாள் இருக்கிற ஆத்திலிருந்து எச்சிலைக் கூரியரில் அனுப்புவதாவது என்று அப்போதே தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம். சம்மதக் கையெழுத்து மட்டும் போட்டாராம். ஆபீஸ் மெடிக்கல் கேம்ப்பில் ரத்தம் கொடுத்தாரே, அதிலிருந்து பார்த்திருப்பார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாராம். சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது. ஆசாரத்தைக் காப்பாற்றின பெருமை. ஆனால் இப்போது உயிர்ப் பயம் ஆசாரத்தை ஜெயித்துவிட்டது. பால்கனிப் பக்கம் திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி, டியூபில் துப்பத் தொடங்கினார்.

ஸ்ம்ருதி சமையலறைக்குள் போனாள். நம் பிளாக்கில் சுவர்கள் பேருக்குத்தான். அதுவும் அன்றைக்கு மிக்ஸி இல்லை, குக்கர் இல்லை. காதைப் பொத்திக்கொண்டால்கூடக் கேட்டிருக்கும்.

"யார் துப்பினா, அம்மா?"

மாமி ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"அம்மா."

"கிரீஷ்" என்றார் மாமி. "அப்பா மாட்டேன்னுட்டார். நீ வேலை பார்க்கற இடம், உனக்குத் தலைகுனிவா இருக்கப்படாதேன்னு அவன்கிட்ட குடுத்தேன். ஒரே ரத்தம்தானேடி. அப்பா வேற பிள்ளை வேறயா?"

"வேறம்மா. வேறயா இருக்கறதாலதான் எனக்கு வேலையே இருக்கு."

அப்புறம் மாமி கொட்டிவிட்டார். முடிவு வந்த அன்றே அவர் முதலில் தன்னுடையதைத்தான் பார்த்தாராம். தன் டியூபில் ஒன்றுமில்லை. அப்படியானால் பிள்ளைக்கு இருப்பது அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், ஆகவே அவருக்கும் வைத்தியம் நடக்கட்டும், இவனையும் கண்ணில் வைத்துக் காப்போம் என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். கணவரிடம் சொன்னால் ஏமாற்றினாயா என்று கேட்பார். மகனிடம் சொன்னால் பயந்துவிடுவான். ஓஎம்ஆரில் நண்பர்களோடு ரூம் எடுத்திருக்கிற கிரீஷிடம், அப்பாவுக்கு செக்கப்பில் ஹார்ட்டில் ஏதோ தெரிந்தது என்று மட்டும் சொல்லி, ஓடியாட வேண்டாமென்று மட்டையைப் புதைத்து, ஒரு நாளைக்குப் பத்து தடவை மெசேஜ் பண்ணிக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் பேசியிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். கிரீஷும் ஸ்ம்ருதியும் மீம் அனுப்பிக்கொள்வதோடு சரி.

ஸ்ம்ருதி தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் மாமி பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"அடிக்காதேடி. தூங்கிண்டிருந்தான்னா."

ஸ்ம்ருதி அம்மாவைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு, கூப்பிடு என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினாள். இருவரும் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றார்கள். ஹாலிலிருந்து தூ, தூ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. பெருங்காய டப்பாவை மாமி திறந்தார், மூடினார்.

கிரீஷ் கூப்பிட்டான். வாயில் பஃப்ஸ்.

ஸ்ம்ருதி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் உட்காரு என்றாள். உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன் என்றான். ரம்ஜான் மாதத்தில் அம்மா உன்னிடம் கொடுத்த டியூப் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அந்த டப்பாவா? அது நான் துப்பலையே."

ஸ்ம்ருதி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள்.

"நான் அப்பத்தான் நூடுல்ஸ் சாப்ட்டிருந்தேன்க்கா. அரை மணி நேரம் எதுவும் சாப்ட்டிருக்கக் கூடாதுன்னு மேல போட்டிருந்தது. கூரியர்காரன் கீழ வந்து ஹாரன் அடிக்கறான். மொட்டை மாடில அய்மான் நின்னுண்டிருந்தான். மச்சான், இன்னிக்கு இந்த பில்டிங்லயே சுத்தமான வாய் உன்னோடதுதான், துப்புடான்னேன். துப்பிக் குடுத்தான். நோன்பு வாய். காலையிலேர்ந்து தண்ணிகூட படல. ஏன், ரிஜெக்ட் ஆயிடுத்தா?"

மாமியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரமாக அதில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. கண்ணை மூடினார். கை தானாகத் திருமாங்கல்யத்துக்குப் போயிற்று. என் குழந்தை இல்லை, என் குழந்தை இல்லை என்று உதடு மட்டும் அசைந்தது. ஆத்துக்காரரும் இல்லை, பிள்ளையும் இல்லை. மாமி சிரித்தார் என்றே சொல்லலாம்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் ஃபிரிட்ஜ். அதன் மேல் மருந்து டப்பா.

ஸ்ம்ருதி ஏற்கெனவே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வீடு.

"ஷரீஃபா தம்பி" என்றார் மாமி.

"தெரியும்மா. அவன் அலாரம் வேற. இத்தனை நாள் எப்படித்தான்..."

"ஸ்ம்ருதி." மாமியின் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அன்னிக்கு அப்பா டப்பாலேர்ந்து மூணு மாத்திரை எடுத்துக் கடாசச் சொன்னியே. அந்தத் தொண்டை வலி ஆன்டிபயாடிக் இருந்ததே. பிரிக்காத அட்டைடி அது."

"குப்பைல போட்டுட்டேன்னியே."

"புதன்கிழமை ஷரீஃபா வந்தா. அய்மானுக்குத் தொண்டை கட்டி ஜுரம்னா. தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் குடுன்னு சொல்லி..."

கஸ்தூரிரங்கனுக்கு விஷம் என்று ஒதுக்கிய அட்டை. யாருக்கு உண்மையிலேயே விஷமோ, அவனுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. புதன், வியாழன், இன்றைக்கு ஜும்மா தொழுகை முடித்து வந்து சாப்பிட்ட பிறகு ஒன்று.

ஹால் கடிகாரத்தில் நாலடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கஸ்தூரிரங்கன் காதில் பஞ்சோடு, மும்முரமாகத் துப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் செருப்புப் போடாமல் அவரைத் தாண்டி ஓடியதை அவர் பார்க்கவில்லை.

மேல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாமியின் விரல் பழக்க தோஷத்தில் காலிங் பெல்லுக்குப் போயிற்று. ஸ்ம்ருதி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அப்புறம் விடவில்லை.

கதவைத் தட்டக்கூடாது. கூப்பிடக்கூடாது. போன் போடக்கூடாது. ஒரு பிள்ளையை எழுப்ப என்னென்ன வழி உண்டோ எல்லாம் அவனைக் கொல்லக்கூடிய வழிகளாக இருந்தன. தூங்கவிடலாம் என்றால், எழுப்புவதற்கென்றே ஒன்று அவன் தலைமாட்டில் காத்திருந்தது.

ஸ்ம்ருதி படியில் இறங்கி நின்று ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். முகவரி சொன்னாள். தெருவுக்குள் வரும்போது சைரன் போடாமல் வாருங்கள் என்று அவள் கெஞ்சியது அவர்களுக்குப் புரிய நேரமாயிற்று.

அடுத்து ஷரீஃபா. பல்லாவரம் சந்தையில் இருந்தாள். வெள்ளிக்கிழமைச் சந்தையின் இரைச்சல் போன் வழியாகக் கொட்டியது. மாமிதான் பேசினார். முஸ்தபா பாயைச் சாவியோடு உடனே வீட்டுக்கு வரச் சொல், அய்மானுக்கு மட்டும் போன் பண்ணிவிடாதே என்றார்.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லன்னா உங்க குரல் ஏன்க்கா இப்டி கீது?"

மாமி வாயைத் திறந்தார். மூடினார். ஸ்ம்ருதி போனை வாங்கி, டியூபையும் எச்சிலையும் மாத்திரையையும் சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ கூடை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த செவப்பு மணி" என்றாள் ஷரீஃபா. "நான்தானேம்மா தட்டினேன். பாயசம் வேற குடுத்தேன்."

லைன் போய்விட்டது.

முஸ்தபா வந்தார். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நடக்கவில்லை, ஓடினார். ஆனால் சத்தமில்லாமல் ஓடினார். அந்தக் கனத்த சரீரத்துக்கு அது எப்படி முடிந்ததோ தெரியாது. சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை நுழைக்கும்போது மட்டும் மாமியை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மாமிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பூட்டு திறந்தது. கதவு நாலு விரல் அகலம் உள்ளே போய் நின்றது. சங்கிலி. பகலில் தனியாகத் தூங்கும்போது உள்சங்கிலி போட்டுக்கொள்ளடா என்று பையனுக்குப் பழக்கிவிட்டதே முஸ்தபாதான்.

இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஹால் தெரிந்தது. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முஸ்தபா கையை உள்ளே விட்டுச் சங்கிலியின் நுனியைத் தேடினார். அவர் விரல்களுக்கும் கொக்கிக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான் பாக்கி.

அப்போது அலாரம் அலறியது.

பாதம் ஒரு தடவை உதறிற்று.

மூவரும் காத்திருந்தார்கள், அந்தக் கை தொப்பென்று விழுவதற்காக. முனகலுக்காக. இத்தனை வருஷமாக இந்தச் சத்தத்தைத் திட்டாத நாள் நமக்குக் கிடையாது. இன்றைக்குத்தான் தெரிந்தது, நாம் இத்தனை நாளும் காத்திருந்தது சத்தத்துக்காக அல்ல, அது நிற்பதற்காக. கீழ் வீடுகளில் ஒவ்வொன்றாக அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

படிக்கட்டில் காலடி. கஸ்தூரிரங்கன் ஏறி வந்தார். மூன்று வாரமாகப் பால் பாக்கெட் எடுக்கக் குனியாத மனிதர், ஒரு மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. இரண்டு காதிலும் பஞ்சு. வலது கையில் டியூபைச் சந்தனக் கிண்ணம் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

"ஸ்ம்ருதி, கோடு வரைக்கும் ரொப்பிட்டேன் பார்த்துக்கோ" என்றார், காது அடைத்தவர்களுக்கே உரிய பெரிய குரலில். "நுரையைக் கணக்குல சேர்க்கலை."

யாரும் திரும்பவில்லை. முஸ்தபாவின் தோள் கதவோடு நசுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே அலாரம் நிற்கவில்லை.